சௌச்சில்லாவின் 26 குழந்தைகள்: ஒரு கடத்தலும் ஒரு மருத்துவரும்

1976-ல் அமெரிக்காவின் சௌச்சில்லா என்ற ஊரில் கடத்தப்பட்ட 26 குழந்தைகளும் உயிரோடு வீடு திரும்பிவிட்டார்கள். உடம்பில் பெரிய காயம் ஏதும் இல்லை. அப்புறம் பெற்றோரிடம் பேசிய மனநல மருத்துவர் ஒருவர், இவர்களில் ஒரே ஒரு குழந்தைக்கு வேண்டுமானால் மனதில் பாதிப்பு வரலாம் என்று கணித்துச் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது சின்ன ஊர். அந்த ஒரு குழந்தை தன் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடக் கூடாதே என்று பெற்றோர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளை ராத்திரி அலறி எழுந்தால் அது அந்த வீட்டோடு போயிற்று.

ஐந்து மாதம் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லெனோர் டெர் என்ற குழந்தை மனநல மருத்துவர் வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துக் கேட்டார். அவர் பார்த்தவர்களில் பாதிப்பு இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

குழந்தைகளின் மனக்காயம் பற்றி இன்று ஆலோசகர்கள் சாதாரணமாகச் சொல்லும் பல விஷயங்கள் இந்த ஒரு ஊரில் கவனிக்கப்பட்டவை. அதே மருத்துவரின் பெயர் 14 ஆண்டுகள் கழித்து ஒரு கொலை வழக்கில் வேறு விதமாக அடிபட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய வேலையின் பலம் எது, பலவீனம் எது என்று தெரியும்.

நடந்தது

சௌச்சில்லா, கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் உள்ள விவசாய ஊர். அப்போது மக்கள்தொகை ஏறக்குறைய 5,000. 1976 ஜூலை 15, வியாழக்கிழமை மாலை. டெய்ரிலேண்ட் பள்ளியின் கோடை வகுப்புப் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 19 பெண் குழந்தைகள், 7 பையன்கள். 5 வயது முதல் 14 வயது வரை. ஓட்டுநர் எட் ரேவுக்கு 55 வயது.

வழியை மறித்து ஒரு வேன் நின்றது. முகத்தில் நைலான் காலுறையை இழுத்து மாட்டிய மூன்று பேர் துப்பாக்கியோடு வந்து பஸ்ஸைக் கைப்பற்றினார்கள். பஸ்ஸை ஒரு வறண்ட ஓடைக்குள் இறக்கிப் புதரில் மறைத்துவிட்டு, எல்லோரையும் இரண்டு வேன்களுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு மை பூசிய வேன்கள். உள்ளே வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. அப்படியே 11 மணி நேரம் ஓட்டினார்கள்.

விடிவதற்கு முன் லிவர்மோர் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் இறக்கினார்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் பெயரும் வயதும் கேட்டு, ஒரு ஹாம்பர்கர் கடைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். போட்டிருந்த துணியில் ஒன்றையோ கையிலிருந்த பொருளையோ வாங்கிக்கொண்டார்கள். பிறகு தரையிலிருந்த ஒரு துளை வழியே ஏணியில் கீழே இறங்கச் சொன்னார்கள். கீழே இருந்தது மண்ணில் புதைத்த ஒரு லாரிக் கூண்டு. 8 அடி அகலம், 16 அடி நீளம். சில மெத்தைகள், கொஞ்சம் தண்ணீர், ரொட்டி, காற்றுக்கு ஒரு குழாய். துளையை இரும்புத் தகட்டால் மூடி, மேலே பெரிய பேட்டரிகளை ஏற்றி, மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அங்கே 16 மணி நேரம். கூரை மண் பாரத்தில் தொய்ந்து இறங்க ஆரம்பித்தது. மெத்தைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதில் ஏறி நின்று, எட் ரேவும் 14 வயதுப் பையன் ஒருவனும் தகட்டை நகர்த்தி மண்ணைத் தோண்டி வழி உண்டாக்கினார்கள். ஜூலை 16 இரவு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

கடத்தியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். குவாரியே அவர்களில் ஒருவனான ஃபிரெட் வுட்ஸின் அப்பாவுடையது. கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் ஷோன்ஃபெல்ட், ரிச்சர்ட் ஷோன்ஃபெல்ட் என்ற சகோதரர்கள். 50 லட்சம் டாலர் கேட்பதாகத் திட்டம். சௌச்சில்லா காவல் நிலையத்துக்குப் போன் போட்டால், கவலையில் கூப்பிட்ட பெற்றோர், பத்திரிகைக்காரர்களின் அழைப்புகளால் லைன் கிடைக்கவே இல்லை. சரி, பிறகு பார்க்கலாம் என்று தூங்கிவிட்டார்கள். எழுந்தபோது குழந்தைகள் தப்பித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

மீட்கப்பட்ட இரவில் மருத்துவர்கள் குழந்தைகளைப் பரிசோதித்து, நலமாக இருக்கிறார்கள் என்று அனுப்பினார்கள். ஊர் கொண்டாடியது. டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப்போனார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தையிடமே கேட்பது

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற நோய்ப் பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980-ல்தான். அதுவும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேரிடர்களில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதியவை. பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, மதிப்பெண் குறைந்ததா என்பதோடு கேள்வி நின்றுவிடும்.

டெர் அப்படிச் செய்யவில்லை. கடத்தல் நடந்து 5 மாதம் முதல் 13 மாதம் வரையான காலத்தில் 23 குழந்தைகளை நேரில் பார்த்தார். கையில் தயார் கேள்வித்தாள் கிடையாது. என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார், கனவைக் கேட்டார், விளையாடவிட்டுப் பார்த்தார். ஆய்வு 1979-ல் வெளிவந்தது.

முதல் ஆச்சரியம், குழந்தைகள் மறக்கவே இல்லை. அதிர்ச்சியில் நினைவு அறுந்துபோகும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஐந்து வயதுக் குழந்தைகூட வரிசையாகச் சொன்னது. சிப்பாய்களுக்கு வருவதுபோல நினைவுக் காட்சி திடீரென்று பாய்ந்து தாக்குவதும் இவர்களிடம் இல்லை. பள்ளிப் படிப்பும் பொதுவாகக் குறையவில்லை. ஆசிரியர்கள் கண்ணில் எதுவும் படாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பெண் அட்டையை மட்டும் பார்க்கிறவருக்குப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் தெளிவாக நினைவிருந்த அதே குழந்தைகளின் நினைவில் தவறுகளும் இருந்தன. கடத்தியவர்கள் மூன்று இளைஞர்கள். சில குழந்தைகள் அதில் ஒரு பெண் இருந்ததாகச் சொன்னார்கள். காலுறை மாட்டிய முகங்களை அரை இருட்டில், பயத்தில் பார்த்தவர்கள். ஆரம்பத்திலேயே தப்பாகப் பார்த்ததை அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்கள். இது பொய்யும் இல்லை, கற்பனையும் இல்லை. இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்கு இந்த ஒரு விஷயம் தேவைப்படும்.

காலமும் இடம் மாறியிருந்தது. கடத்தலுக்குப் பிறகு நடந்த ஒன்றை முன்னால் நடந்ததாக நினைவு வைத்திருந்தார்கள். முன்னால் போனதும் அது எச்சரிக்கையாகிவிடும். ‘அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்தச் சகுனத்தை நான் கவனிக்காமல் விட்டேன்’ என்று குழந்தை தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கும். பெரியவர்களுக்கு இது மூடநம்பிக்கை போலத் தோன்றலாம். குழந்தைக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. சகுனம் இருந்தது என்றால், அடுத்த முறை அதைப் பார்த்து உஷாராகலாம். காரணமே இல்லாமல் யாரோ பஸ்ஸை மறித்தார்கள் என்பதைவிட, தப்பு என்னுடையது என்பது தாங்கக்கூடியதாக இருக்கிறது.

அடுத்தது விளையாட்டு. டெர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது 1981-ல் அவர் இதைப் பற்றித் தனியாக எழுதியதுதான். குழந்தை எதையும் விளையாடித் தீர்த்துக்கொள்ளும் என்பது எல்லோரும் நம்பிவந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை பொம்மைக்கு ஊசி போடும். நான்கு நாளில் பயம் தெளிந்து விளையாட்டு மாறிவிடும். சௌச்சில்லாக் குழந்தைகள் ஆடிய பஸ் விளையாட்டு, கடத்தல் விளையாட்டு மாறவில்லை. அதே வரிசை, அதே முடிவு, திரும்பத் திரும்ப. சிரிப்பு கிடையாது. ஆடி முடித்த பிறகும் பயம் குறையவில்லை, சில சமயம் கூடியது. கடத்தலுக்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தம் இருப்பதே ஆடுகிற குழந்தைக்குத் தெரியாது. பஸ்ஸில் இல்லாத தம்பி தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இது தொற்றியது. பெற்றோருக்கோ, பிள்ளை பேசாமல் விளையாடிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதி.

வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பிள்ளையின் விளையாட்டைக் கவனிக்கும்போது நான் பார்ப்பதும் இதைத்தான்: கதை நகர்கிறதா, ஒரே இடத்தில் சுற்றுகிறதா, முகத்தில் ஏதாவது சந்தோஷம் இருக்கிறதா.

நான்கு ஆண்டு கழித்து

டெர் திரும்பிப் போனார். அது சாதாரண விஷயமில்லை. பேரிடர் ஆய்வாளர்கள் பலர் ஒருமுறை வந்துவிட்டுப் போனால் போனதுதான். 1983-ல் வெளியான ஆய்வில் கடத்தப்பட்டவர்களில் 25 பேரும், அன்று நூலிழையில் கடத்தலிலிருந்து தப்பிய ஒரு குழந்தையும் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு பாதிப்பு மிச்சமிருந்தது. கடத்தப்படாத அந்தக் குழந்தையிடமும்.

புதிதாகத் தெரிந்தது, எதிர்காலம் சுருங்கிப்போனது. பெரியவனாகி என்ன செய்வாய் என்றால், பெரியவனாக ஆவோம் என்ற எதிர்பார்ப்பே இல்லை. கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று குழந்தைகள் சும்மா அளக்கும் கதைகள் இவர்களிடம் வரவில்லை. தாங்களே செத்துப்போவதாகக் கனவு கண்டார்கள். வேன், இருட்டு, தனியாக இருப்பது என்று நேரடியான பயங்களோடு சர்வசாதாரணமான பயங்களும் சேர்ந்திருந்தன. பயந்ததைப் பற்றிய வெட்கமும் இருந்தது. யாருக்குக் கடுமையாக இருந்தது என்பது ஏற்கெனவே இருந்த பலவீனங்கள், குடும்பச் சிக்கல்கள், ஊரோடு இருந்த ஒட்டுறவு ஆகியவற்றைப் பொறுத்திருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. முதல் சுற்றில் தரப்பட்ட குறுகிய காலச் சிகிச்சை, நான்கு ஆண்டுக்குப் பிந்தைய அறிகுறிகளைத் தடுக்கவில்லை. சிகிச்சை தந்தவர் அவரேதான். தன் சிகிச்சை போதவில்லை என்று தானே அச்சில் ஏற்றுவது மருத்துவ இதழ்களில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. கேட்டவரும் மதிப்பிட்டவரும் ஒரே ஆள். அளவுகோல் அவருடைய பார்வைதான். எல்லோருக்கும் பாதிப்பு என்பதும் எல்லோருக்கும் நோய் என்பதும் ஒன்றல்ல. மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை அடிக்கடி விழுங்கிவிடுகிறார்கள். ஒப்பீட்டுக்காகப் பிறகு அவரே மெக்ஃபார்லண்ட், போர்ட்டர்வில் என்ற இரண்டு கலிபோர்னிய ஊர்களில் கடத்தப்படாத குழந்தைகளைப் பேட்டி கண்டார். அவர்களிலும் சிலர் வேறு வேறு பயங்களைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

1988-ல் ஐந்து வயதுக்கு முன்பே அதிர்ச்சிக்கு ஆளான 20 குழந்தைகளைப் பற்றி எழுதினார். போலீஸ் பதிவோ மருத்துவப் பதிவோ வேறு சாட்சியோ இருந்த சம்பவங்கள் மட்டும். ஏறக்குறைய 28 முதல் 36 மாதம் என்பது ஒரு எல்லை என்று கண்டார்: அதற்குப் பிந்தைய சம்பவத்தைக் குழந்தை முழுதாக வார்த்தையில் சொல்லும், அதற்கு முந்தையதை அரைகுறையாகச் சொல்லும், அல்லது சொல்லாது. ஆனால் எந்த வயதிலும் நடத்தையில், விளையாட்டில், பயத்தில் அந்தச் சம்பவம் துல்லியமாகத் தெரிந்தது. 1991-ல் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வகையாகப் பிரித்தார். திடீரென்று ஒருமுறை நடப்பது முதல் வகை; நினைவு தெளிவாக நிற்கும். திரும்பத் திரும்ப நடப்பது, உதாரணமாக வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, இரண்டாம் வகை. மரத்துப்போதல், மறுத்தல், தன்னிலிருந்து விலகிப்போதல், ஆத்திரம். இந்தப் பிரிவினை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நீதிமன்றத்தில்

1969-ல் கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொலையாளி அகப்படவில்லை. 20 ஆண்டு கழித்து, அவளுடைய தோழியாக இருந்த ஒரு பெண், தன் அப்பா ஜார்ஜ் ஃபிராங்க்ளின்தான் கொன்றார், தான் பார்த்தேன், அந்த நினைவு இப்போதுதான் திரும்பியது என்றார். 1990-ல் விசாரணை. நினைவு இப்படிப் புதைந்து பல ஆண்டு கழித்து மீளக்கூடும் என்று அரசுத் தரப்பில் நிபுணர் சாட்சி சொன்னவர் லெனோர் டெர். நினைவு எவ்வளவு எளிதாகத் திரியும் என்று எதிர்த்தரப்பில் சொன்னவர் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ். ஜூரி ஃபிராங்க்ளினைக் குற்றவாளி என்றது.

1995-ல் ஃபெடரல் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். அந்தப் பெண் சொன்ன விவரங்கள் அந்தக் காலச் செய்தித்தாள்களிலேயே வந்தவை என்று காட்ட எதிர்த்தரப்புக்கு அனுமதி தரப்படாதது ஒரு முக்கியக் காரணம். சாட்சி சொல்வதற்கு முன்பே அவள் ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தப்பட்டாள் என்று சகோதரியும் சொன்னார். 1996-ல் வழக்கு கைவிடப்பட்டது. ஃபிராங்க்ளின் அதற்குள் 6 ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

டெர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. என் சங்கடம் வேறு. அவருடைய சொந்த ஆய்வுப்படி, ஒருமுறை நடந்த பயங்கரத்தைக் குழந்தை மறப்பதில்லை. சௌச்சில்லாவில் ஒருவர்கூட மறக்கவில்லை. ஒரு கொலையைப் பார்த்தது முதல் வகைதானே? இங்கே மட்டும் எப்படி மறந்தது? வீட்டில் தொடர்ந்து வன்முறை இருந்தது, ஆகவே இரண்டாம் வகை போல நடந்துகொண்டது என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் பொருந்தாமல் இல்லை. ஆனால் எதையும் பொருத்திவிடக்கூடிய விளக்கத்தை நம்பி ஒருவரை எப்படி உள்ளே தள்ளுவது?

சௌச்சில்லாவில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். புதைந்த லாரிக் கூண்டு கையில் இருந்தது, மூன்று பேர் பிடிபட்டிருந்தார்கள். அதனால்தான் கடத்தியவர்களில் ஒரு பெண் இருந்தாள் என்று குழந்தை சொன்னபோது, அது தவறான நினைவு என்று டெர்ரால் சொல்ல முடிந்தது. ஃபிராங்க்ளின் வழக்கில் வெளியே அளவுகோல் எதுவும் இல்லை. நினைவையே நினைவுக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

ஹிப்னாடிசம் சௌச்சில்லாவிலும் வந்தது. எட் ரேவை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தியபோது வேனின் நம்பரை ஒரு இலக்கம் தவிர மீதியைச் சொன்னார் என்பது அந்த நாளில் பெரிய செய்தி. அங்கே போய்ச் சரிபார்க்க ஒரு வேன் இருந்தது. 1982-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஹிப்னாடிசத்துக்குப் பிறகு மீண்ட நினைவைச் சாட்சியமாக ஏற்பதற்குக் கடுமையான தடை போட்டது. ஃபிராங்க்ளின் வழக்கில் மகள் ஹிப்னாடிசத்துக்கு உட்பட்டாள் என்ற செய்தி முதலிலேயே வெளிவந்திருந்தால் வழக்கு வேறு பக்கம் போயிருக்கும்.

சிகிச்சை

டெர்ரின் சிகிச்சை முறை நீண்டது, மெதுவானது. கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு 12 ஆண்டு தந்த சிகிச்சையை 2003-ல் விவரித்தபோது, தான் நம்பியிருப்பது மூன்று விஷயங்கள் என்றார். உள்ளே அடைத்திருக்கும் உணர்ச்சி வெளியே வர வேண்டும். நடந்தது எந்தச் சூழலில், ஏன் நடந்தது என்று குழந்தைக்குப் புரிய வேண்டும். பிறகு, விளையாட்டிலாவது, கதை வேறு மாதிரி முடிய வழி தேட வேண்டும். சௌச்சில்லாப் பிள்ளைகளின் விளையாட்டில் இல்லாமல் போனது இந்த மூன்றாவதுதான்.

எல்லோருக்கும் 12 ஆண்டு கிடைக்குமா? கிடைக்காது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் ஒரு முகாமில் நடந்த ஆய்வு இந்த இடத்தில் பொருந்தும். போரையும் சுனாமியையும் பார்த்த, 8 முதல் 14 வயது வரையான 31 குழந்தைகள். உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு 6 அமர்வுகள். ஒரு பிரிவுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். இன்னொரு பிரிவுக்குக் கதைவழிச் சிகிச்சை: தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து இன்று வரை வாழ்க்கையில் நல்லது நடந்த இடத்தில் பூவும், கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைத்து, அந்த வரிசையில் குழந்தை சொல்லிக்கொண்டு போகும், ஆலோசகர் எழுதிப் படித்துக் காட்டுவார். ஆறு மாதம் கழித்துக் கதைவழிப் பிரிவில் 81 சதவீதம், தியானப் பிரிவில் 71 சதவீதம் குழந்தைகள் பி.டி.எஸ்.டி. அளவுகோலுக்கு வெளியே வந்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. சிகிச்சையே இல்லாத பிரிவும் அதில் கிடையாது, எனவே காலம் ஆற்றியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஆனால் மருத்துவர் கிடைக்காத இடத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரைக் கொண்டு இதைச் செய்ய முடிந்தது. நமக்கு அது பெரிய செய்தி.

மனநலக் கையேட்டின் 2013 பதிப்பில், 6 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் பி.டி.எஸ்.டி.க்குத் தனி அளவுகோல் வந்தது. குழந்தைகளிடம் அதிர்ச்சி, திரும்பத் திரும்ப ஆடும் விளையாட்டாக வரலாம் என்பதும் அதில் இருக்கிறது.

கடத்திய மூவருக்கும் முதலில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு உடல் காயம் ஏற்பட்டது என்பது அதன் அடிப்படை. 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் சொல்லும் அளவுக்கு உடல் காயம் இல்லை என்று அதை பரோலுக்கு வழியுள்ள ஆயுள் தண்டனையாக மாற்றியது. மனதில் பட்டது அந்தக் கணக்கில் வரவில்லை. ரிச்சர்ட் 2012-லும், ஜேம்ஸ் 2015-லும், வுட்ஸ் 2022-லும் வெளியே வந்தார்கள். அவர்களுடைய பரோல் விசாரணைகளுக்கு, நடுவயதைத் தாண்டிய பஸ் குழந்தைகள் வந்து பேசினார்கள். இன்னும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க முடியவில்லை, வெளியே விடாதீர்கள் என்றவர்கள் இருந்தார்கள். மன்னித்துவிட்டேன், விடுங்கள் என்றவரும் இருந்தார்.